பில் எங்கே நிற்கிறது? பெரிய நிறுவனத்தின் பில் பாஸ் பாதையைப் பொறியியல் முறையில் சீரமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மெஷின் ஷாப்பில் ஒரு வேலைக்கு எத்தனை வினாடி ஆகிறது என்று ஸ்டாப்வாட்சோடு நின்று கணக்கெடுக்கும் கம்பெனியில், ஒரு வெண்டரின் பில் பாஸ் ஆக ஏன் 60 நாள் ஆகிறது என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல ஆள் இருக்காது. பர்ச்சேஸில் கேட்டால் "அக்கவுண்ட்ஸில் இருக்கிறது" என்பார்கள். அக்கவுண்ட்ஸில் "ஸ்டோர்ஸ் இன்னும் ஜிஆர்என் (சரக்கு பெற்ற சீட்டு) போடவில்லை" என்பார்கள். ஸ்டோர்ஸில் கேட்டால் க்யூசி (தரச் சோதனை) க்ளியர் பண்ணவில்லையாம். ஷாப் ஃப்ளோருக்குப் பயன்படுத்தும் பொறியியலை ஆபீஸுக்குள் கொண்டுவர யாருக்கும் தோன்றுவதில்லை.

நிர்வாகம் முழுவதையும் ஒரே வீச்சில் ஆட்டோமேட் செய்யக் கிளம்பினால் இரண்டு வருடம் மீட்டிங்கிலேயே போய்விடும். ஒரு பாதையை எடுத்து, ஆரம்பம் முதல் கடைசி வரை சரிசெய்வதே நடக்கிற காரியம். இங்கே எடுத்துக்கொள்வது பில் பாஸ் பாதை: சரக்கு கேட்டுக்குள் வருவதிலிருந்து வெண்டர் கணக்கில் பணம் ஏறும் வரை. மாதம் ஆயிரக்கணக்கில் பில் வரும், ஈஆர்பி (நிறுவனம் முழுவதையும் இணைக்கும் நிர்வாக மென்பொருள்) ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிறுவனங்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஏன் பில்? இந்தியாவில் இந்தத் தாமதத்துக்குச் சட்டமே விலை வைத்திருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனம் சரக்கு கொடுத்தால், எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. 2023 நிதிச் சட்டம் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு, கெடு தாண்டி நிலுவையில் இருக்கும் அந்தத் தொகையை, கொடுத்து முடிக்கும் வருடத்தில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். ஆகவே எம்டியிடம் பேசும்போது "செயல்திறன்" என்று ஆரம்பிக்காதீர்கள். இந்த வட்டியில் ஆரம்பியுங்கள்.

முதல் படி: பில்லின் பின்னாலேயே நடந்து போங்கள்

எந்த சாஃப்ட்வேர் வெண்டரையும் கூப்பிடுவதற்கு முன், போன மாதம் பணம் கொடுத்த பில்களில் முப்பதைக் குலுக்கல் முறையில் எடுங்கள். சீக்கிரம் போனது, இழுத்தது, இரண்டும் கலந்திருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இன்வாய்ஸ் தேதி, கேட் என்ட்ரி, ஜிஆர்என், க்யூசி, அக்கவுண்ட்ஸ் இன்வர்ட் (பில் அங்கே வந்ததாகப் பதிவது), புக்கிங் (கணக்கில் பதிவது), ஒவ்வொரு ஒப்புதல், பேமெண்ட் என எல்லாத் தேதிகளையும் ஒரே வரியில் எழுதுங்கள். ஈஆர்பியில் பாதிதான் கிடைக்கும். மீதி கேட் ரிஜிஸ்டரிலும் மெயிலிலும் யாரோ ஒருவரின் எக்ஸெல் ஷீட்டிலும் இருக்கும். அந்த எக்ஸெல் ஷீட்டை விடாதீர்கள். உண்மையான சிஸ்டம் பல இடங்களில் அதுதான்.

ஒரு பேரிங் பில்லைக் கற்பனையாக எடுத்துப் பார்ப்போம். ஜூன் 4 இன்வாய்ஸ் தேதி, 6 அன்று கேட் என்ட்ரி. 9 அன்று ஜிஆர்என், 13 அன்று க்யூசி. 16 அன்று அக்கவுண்ட்ஸுக்கு வந்தது. 19 அன்று ஹோல்டு, ஏனென்றால் பிஓவில் (கொள்முதல் ஆணையில்) விலை 'செட்' கணக்கில், இன்வாய்ஸில் ஒவ்வொன்றாக எண்ணும் 'நம்பர்' கணக்கில். பர்ச்சேஸ் ஆள் பிஓவைத் திருத்தியது 30 அன்று. ஒப்புதல்கள் முடிந்தது ஜூலை 3. வாராந்தர பேமெண்ட் ரன் (மொத்தமாகப் பணம் அனுப்பும் சுற்று) ஜூலை 10. மொத்தம் 36 நாள். இதில் யாராவது நிஜமாகக் கை வைத்து வேலை செய்த நேரம் எவ்வளவு? கேட்டில் 5 நிமிடம், ஜிஆர்என் 10, க்யூசி 20, புக்கிங் 8, பிஓ திருத்தம் 3, ஒப்புதல் எல்லாம் சேர்த்து 2. கூட்டினால் 48 நிமிடம்.

பிஓ திருத்தத்தைக் கவனியுங்கள். மூன்று நிமிட வேலை, 11 நாள் காத்திருப்பு. புக்கிங்குக்கு மென்பொருள் ரோபோ வாங்கி வைத்தால் மிச்சமாவது அந்த 8 நிமிடம்தான். 36 நாள் 36 நாளாகவே இருக்கும். ஆட்டோமேஷனுக்குப் போட்ட பணம் இப்படித்தான் பல இடங்களில் காணாமல் போகிறது.

இரண்டாம் படி: தேக்கத்தைக் கணக்குப் போடுங்கள்

இதற்கு இரண்டே சூத்திரம் போதும். முதலாவது, 1961-ல் ஜான் லிட்டில் நிரூபித்தது: தேங்கி நிற்கும் எண்ணிக்கையை நாளொன்றுக்கு முடியும் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரியாக ஒரு பில் எத்தனை நாள் உள்ளே இருக்கிறது என்று வரும். 3000 பில் நிலுவை, தினம் 200 பாஸ் ஆகிறது என்றால் 15 நாள். "நாங்கள் ஐந்து நாளில் பாஸ் பண்ணிவிடுகிறோம்" என்று ஒரு துறை சொன்னால், அங்கே தேங்கியிருப்பதை எண்ணி வகுத்துப் பாருங்கள். வாக்குவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

இரண்டாவது கொஞ்சம் அதிர்ச்சி தரும். வேலை சீராக வராமல் விட்டுவிட்டு வரும்போது, ஒருவர் எவ்வளவுக்கு எவ்வளவு நிறைய வேலையோடு இருக்கிறாரோ அவ்வளவுக்கு அவருக்கு முன்னால் வரிசை நீளும். ஆனால் நேர்கோட்டில் நீளாது. எளிய வரிசைக் கோட்பாட்டு மாதிரியில், 80 சதவீத நேரம் வேலையில் இருப்பவரிடம் ஒரு ஃபைல் காத்திருக்கும் நேரம், வேலை செய்யும் நேரத்தைப்போல 4 மடங்கு. 90 சதவீதத்தில் 9 மடங்கு, 95 சதவீதத்தில் 19 மடங்கு. எல்லா ஃபைலும் ஒரே ஜிஎம்மின் கையெழுத்துக்குப் போனால், அவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் வரிசை நிற்கத்தான் செய்யும். "ஆளை நூறு சதவீதம் யூட்டிலைஸ் பண்ணுகிறோம்" என்று பெருமையாகச் சொல்லும் மேனேஜர், தேக்கத்தை உற்பத்தி செய்துகொண்டிருக்கிறார்.

மூன்றாம் படி: ஹோல்டுக்கான காரணங்களைப் பிரியுங்கள்

மூன்று மாத ஹோல்டு பில்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு மூலக் காரணம் குறியுங்கள். விலை வித்தியாசம், அளவு வித்தியாசம், ஜிஆர்என் இல்லை, பிஓவே இல்லை, பிஓவின் காலம் முடிந்தது, எச்எஸ்என் (பொருளின் வரிக் குறியீடு) அல்லது வரி விகிதம் தப்பு, ஜிஎஸ்டிஆர் 2பியில் (வெண்டர்கள் தாக்கல் செய்த பில்களை ஜிஎஸ்டி தளம் காட்டும் பட்டியலில்) பில் வரவில்லை, சரக்குக் கட்டணம் தனியாகப் போட்டிருக்கிறது. "இதர" என்று ஒரு பெட்டி வைத்தால் எல்லாமே அதில்தான் விழும், வைக்காதீர்கள்.

இதைச் செய்து பார்த்தால், தகராறு அக்கவுண்ட்ஸில் தெரிகிறதே தவிர அங்கே பிறப்பதில்லை என்பது விளங்கும். பாதிக்கு மேல் பர்ச்சேஸ் மாஸ்டரில் (பொருள், விலை, வெண்டர் விவரங்களின் அடிப்படைப் பட்டியலில்) பிறந்தவையாக இருக்கலாம்: அலகு தப்பு, பழைய விலை, ஒரே வெண்டருக்கு மூன்று வெண்டர் கோடு (குறியீட்டு எண்). மாஸ்டரைச் சுத்தம் செய்வது யாருக்கும் பிடிக்காத வேலை. ப்ரமோஷனும் தராது. ஆனாலும் இதை முடிக்காமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம். குப்பையான மாஸ்டரின் மேல் ஆட்டோமேஷனை ஏற்றினால், முன்பு மாதத்துக்கு நூறு தப்பு நடந்த இடத்தில் மணிக்கு நூறு நடக்கும்.

நான்காம் படி: வெட்டுங்கள்

பொறியியலில் நான் மிகவும் மதிக்கும் வேலை இதுதான். 1980-களின் தொடக்கத்தில் ஃபோர்டு நிறுவனத்தின் வட அமெரிக்க பில் பட்டுவாடாத் துறையில் 500 பேருக்கு மேல் இருந்தார்கள். கம்ப்யூட்டர் போட்டு 20 சதவீதம் ஆளைக் குறைக்கலாம் என்பது திட்டம். அப்போது ஃபோர்டு பங்கு வைத்திருந்த மாஸ்டாவைப் பார்த்தார்கள். அங்கே அந்த வேலைக்கு 5 பேர். மாஸ்டா சின்ன கம்பெனிதான், ஆனால் அந்த அளவு வித்தியாசத்துக்கு அது பதிலாகாது. ஃபோர்டின் பழைய முறையில் பிஓ, சரக்கு ரசீது, இன்வாய்ஸ் மூன்றையும் வைத்து 14 விவரங்களைப் பொருத்திப் பார்த்தார்கள். பொருந்தாதவற்றைத் துருவுவதிலேயே பெரும்பகுதி நேரம் போனது. புதிய முறையில் சரக்கு வந்து இறங்கும் இடத்திலேயே, டேட்டாபேஸில் பிஓ இருக்கிறதா என்று பார்த்தார்கள். பொருந்தினால் உள்ளே, இல்லாவிட்டால் லாரி திரும்பிப் போகும். பொருத்த வேண்டியது மூன்றே விவரம்: பார்ட் நம்பர், அளவு அலகு, வெண்டர் கோடு. இன்வாய்ஸே தேவையில்லாமல் போனது. ஆள் எண்ணிக்கை 75 சதவீதம் குறைந்தது.

நம் ஊரில் இன்வாய்ஸை ஒழிக்க முடியாது; அது இல்லாமல், வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரிச் சலுகை கிடைக்காது. ஆனால் சோதனையைக் கேட்டுக்கு நகர்த்தலாம். பிஓ இல்லாத, அலகு பொருந்தாத சரக்கை கேட்டிலேயே நிறுத்தினால், மூன்று வாரம் கழித்து அக்கவுண்ட்ஸில் நடக்க வேண்டிய சண்டை லாரி நிற்கும்போதே முடிந்துவிடும். அப்போது வெண்டருக்கும் அவசரம், நமக்கும் அவசரம். ப்ரொடக்ஷன் ஆட்கள் கத்துவார்கள், "லைன் நிற்கிறது, முதலில் உள்ளே விடு" என்று. அந்த விதிவிலக்குக்கு அனுமதி தருபவர் ஒருவர் மட்டும் இருக்கட்டும். அவர் பெயர் பதிவாகட்டும். எண்ணிக்கை தானாகக் குறையும்.

அப்புறம் ஒப்புதல்கள். ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒரே கேள்வி: இவர் எதைப் பார்த்துவிட்டுப் போடுகிறார்? முன்னால் போட்டவரின் கையெழுத்தைப் பார்த்துத்தான் போடுகிறார் என்றால் அந்தப் படியை எடுத்துவிடலாம். நிறையக் கண்கள் பார்த்தால் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் 2020 ஆகஸ்டில் சிட்டிபேங்கில் நடந்ததைப் படிக்க வேண்டும். ரெவ்லான் கடனுக்கு 78 லட்சம் டாலர் சொச்சம் வட்டி மட்டும் அனுப்ப வேண்டிய இடத்தில், கிட்டத்தட்ட 90 கோடி டாலர் போய்விட்டது. அந்த மென்பொருளின் திரையில் மூன்று பெட்டிகளில் டிக் செய்திருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் செய்திருந்தார்கள். ஒருவர் பதிய, இன்னொருவர் சரிபார்க்க, மூன்றாமவர் ஒப்புதல் தர, மூவரும் அதையே பார்த்துவிட்டுச் சரி என்றார்கள். சுமார் 50 கோடி டாலரைக் கடன் கொடுத்தவர்கள் திருப்பித் தர மறுத்து, வழக்கு 2022 வரை இழுத்தது.

பிஓ போடும்போதே ஒப்புதல் வாங்கிய செலவுக்கு, பிஓ, ஜிஆர்என், பில் மூன்றும் பொருந்தியிருந்தால், மறுபடி யாருடைய கையெழுத்தும் வேண்டாம் என்பது என் கருத்து. ஆடிட்டர் ஆட்சேபிப்பார். அவரை நான்காம் படியிலேயே கூப்பிட்டு உட்கார வையுங்கள். கடைசியில் கூப்பிட்டால் எல்லாம் திரும்ப முதலிலிருந்து.

ஐந்தாம் படி: விதிகளை அட்டவணையாக எழுதுங்கள்

"சின்ன வித்தியாசம் இருந்தால் பாஸ் பண்ணிவிடுவோம்" என்பது விதி இல்லை. எவ்வளவு சின்னது? சதவீதமா, ரூபாயா, இரண்டில் எது குறைவோ அதுவா? கூடுதலாக வந்த சரக்குக்கும் குறைவாக வந்ததற்கும் ஒரே அளவுகோலா? ரவுண்டிங் வித்தியாசம் எந்தக் கணக்கில் போகும்? பில் பாஸ் செய்யும் சீனியர் ஒருவரோடு உட்கார்ந்து, ஹோல்டு பில்களை ஒவ்வொன்றாகக் காட்டி "இதை என்ன செய்வீர்கள், ஏன்?" என்று கேட்டு எழுதுங்கள். இருபது வருடமாக அவர் மனதில் மட்டும் இருந்த விதிகள் வெளியே வரும். சில விதிகள் ஒன்றுக்கொன்று முரண்படும். அதைத் தீர்ப்பது ஃபைனான்ஸ் தலைவரின் வேலை, ப்ரோக்ராமரின் வேலை கிடையாது.

ஒவ்வொரு விதிக்கும் ஒரு சொந்தக்காரர், அமலுக்கு வரும் தேதி, முடியும் தேதி வேண்டும். 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டியின் 12, 28 சதவீத அடுக்குகள் போய், பெரும்பாலான பொருள்கள் 5-க்கும் 18-க்கும் மாறின. வரி விகிதத்தை ப்ரோக்ராம் கோடுக்குள் எழுதி வைத்திருந்தால் இப்படிப்பட்ட நாளில் திண்டாட்டம்தான். தேதியோடு அட்டவணையில் வைத்திருந்தால் அதில் சில வரிசைகளைச் சேர்த்தால் போதும்.

ஆறாம் படி: இப்போது ஆட்டோமேட் செய்யுங்கள்

முதலில் ஈஆர்பியிலேயே இருக்கும் மூவழிப் பொருத்தத்தை (பிஓ, ஜிஆர்என், பில் மூன்றையும் ஒப்பிடுவதை) ஆன் செய்யுங்கள். பல கம்பெனிகளில் அந்த வசதிக்குப் பணம் கொடுத்துவிட்டு ஆஃபில் வைத்திருப்பார்கள். அடுத்தது பில் விவரத்தை உள்ளே எடுப்பது. 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடி ரூபாய்க்கு மேல் டர்ன்ஓவர் உள்ளவர்கள் பிற நிறுவனங்களுக்கு இ-இன்வாய்ஸ்தான் போட வேண்டும். அதன் க்யூஆர் கோடில் இருவரின் ஜிஎஸ்டி எண், பில் எண், தேதி, தொகை, ஐஆர்என் (அந்த பில்லின் தனி அடையாள எண்) எல்லாம் டிஜிட்டல் கையொப்பத்தோடு இருக்கின்றன. அப்படியிருக்க, அதே பில்லை ஸ்கேன் செய்து எழுத்துணரி மென்பொருளால் படிக்க வைப்பது வீண் செலவு. பொருள்வாரி விவரங்கள் க்யூஆரில் இருக்காது. அவற்றை வெண்டரிடமிருந்து ஜேசன் ஃபைலாக (கம்ப்யூட்டர் நேரடியாகப் படிக்கும் வடிவில்) வாங்குங்கள். எழுத்துணரியைச் சின்ன வெண்டர்களின் பில்லுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

திரையைப் பார்த்து க்ளிக் செய்யும் 'பாட்' பற்றி ஒரு வார்த்தை. இரண்டு சிஸ்டத்துக்கு இடையே நேரடி இணைப்பு கொடுக்கவே முடியாதபோது மட்டும் அதை நாடுங்கள். திரையில் ஒரு பட்டன் இடம் மாறினால் அது நின்றுவிடும். நின்றால்கூடப் பரவாயில்லை, சில சமயம் நிற்காமல் தப்பான இடத்தில் க்ளிக் செய்துகொண்டே போகும்.

ஒரே பில் இரண்டு முறை பாஸ் ஆவதைத் தடுக்க, பில் எண்ணில் உள்ள சிறுகோடு, சாய்கோடு, முன்னால் வரும் பூஜ்யம் எல்லாவற்றையும் நீக்கி ஒப்பிடுங்கள். '045' என்றும் '45' என்றும் இரண்டு முறை பதிந்து இரண்டு முறை பணம் போவது மிகவும் பழைய கதை.

வெண்டரின் வங்கிக் கணக்கை மாற்றுவதை மட்டும் எக்காலத்திலும் ஆட்டோமேட் செய்யாதீர்கள். 2013 முதல் 2015 வரை லிதுவேனியாக்காரர் ஒருவர், தைவானைச் சேர்ந்த குவாண்டா நிறுவனம்போல நடித்துப் பொய் பில் அனுப்பி, கூகுளிடமிருந்தும் ஃபேஸ்புக்கிடமிருந்தும் 10 கோடி டாலருக்கு மேல் வாங்கிவிட்டார். கணக்கு எண் மாறுகிறது என்று கடிதம் வந்தால், அந்தக் கடிதத்தில் உள்ள எண்ணுக்கு அழைக்காமல், உங்களிடம் முன்பே இருக்கும் எண்ணுக்கு அழைத்து ஒரு மனிதர் பேச வேண்டும்.

ஏழாம் படி: நிற்கத் தெரிந்த மெஷின்

சகிச்சி டொயோடா 1924-ல் உருவாக்கிய தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். அதனால் ஒருவரே பல தறிகளைப் பார்த்துக்கொள்ள முடிந்தது. டொயோட்டாவின் உற்பத்தி முறைக்கு இரண்டு தூண்கள் என்றால் இது ஒன்று. ஆபீஸ் ஆட்டோமேஷனில் மிகவும் குறைவாக இருப்பதும் இதுதான்: விதிக்குள் வராத பில்லைக் கண்டால் ஊகித்து முடிவெடுக்காமல் நின்று, காரணத்தோடு ஒரு குறிப்பிட்ட ஆளிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

"குறிப்பிட்ட ஆள்" என்பதில் அழுத்தம் இருக்கட்டும். 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிடல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம் சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் இழந்தது. எட்டு சர்வரில் ஒன்றில் புதிய ப்ரோக்ராம் கோடு ஏற்றப்படவில்லை; பழைய கோடு விழித்துக்கொண்டு ஆர்டர் போட்டுத் தள்ளியது. சந்தை திறப்பதற்கு முன்பே அந்த சிஸ்டம் 97 எச்சரிக்கை மெயில் அனுப்பியிருந்தது. அவை ஒரு குழுவுக்குப் போயின. அவற்றைப் பார்த்து நடவடிக்கை எடுப்பது யாருடைய பொறுப்பாகவும் இல்லை. உங்கள் பேமெண்ட் ரன்னுக்கும் ஒரு நாள் வரம்பு வையுங்கள்: வழக்கமான தொகையைவிட இவ்வளவு தாண்டினால் தானாக நிற்க வேண்டும், திரும்ப ஓடவைக்க இருவர் வேண்டும்.

வெண்டர் பக்கமும் ஒரு கதவு தேவை. பில் ஏன் ஹோல்டில் இருக்கிறது என்பது அவர் திரையில் அவருக்குப் புரியும் சொற்களில் தெரிய வேண்டும்; "சிஸ்டம் எடுக்கவில்லை" என்பது காரணம் ஆகாது. பிரிட்டன் அஞ்சல் துறையில் ஹொரைசன் மென்பொருள் காட்டிய கணக்கை நம்பி, 1999-க்குப் பிறகு 900-க்கும் மேற்பட்ட கிளை நடத்துநர்களுக்குத் திருட்டு, மோசடி என்று தண்டனை வாங்கிக்கொடுத்தார்கள். தப்பு மென்பொருளில் இருக்கலாம் என்று அவர்கள் சொன்னதைக் கேட்க ஆள் இல்லை.

எட்டாம் படி: நிழலில் ஓட்டுங்கள்

நேரடியாக லைவ் போக வேண்டாம். ஒரு முழு மாதம், மாத முடிவையும் சேர்த்து, சிஸ்டம் முடிவெடுக்கட்டும், பணத்தை மனிதர்களே பாஸ் செய்யட்டும். இரண்டும் மாறுபடும் இடங்களைத் தினமும் பாருங்கள். சில சமயம் மனிதர் செய்தது தப்பாக இருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு ப்ளாண்ட், ஒழுங்கான ஐம்பது வெண்டர்கள், ஒரு தொகை வரம்பு என ஆரம்பித்து விரியுங்கள். மார்ச்சில் தொடங்காதீர்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்பதாம் படி: கடிகாரம் எங்கே தொடங்குகிறது?

சராசரி நாளை அளக்காதீர்கள். பத்தில் ஒன்பது பில் எத்தனை நாளுக்குள் முடிகிறது என்று அளவிடுங்கள். சராசரி 12 நாள் என்ற ரிப்போர்ட்டுக்குள் 70 நாள் பில்கள் சுகமாக ஒளிந்துகொள்ளும்.

கடிகாரம் தொடங்கும் இடம் அதைவிட முக்கியம். அக்கவுண்ட்ஸ் இன்வர்டிலிருந்து எண்ணினால், பில்லை இன்வர்ட் போடாமல் மேசையில் அடுக்கி வைப்பார்கள். எண்கள் அழகாக இருக்கும், வெண்டர் மட்டும் ஃபோன் செய்துகொண்டே இருப்பார். எம்எஸ்எம்இ சட்டம் சரக்கை ஏற்ற நாளிலிருந்துதான் கணக்கிடுகிறது. 15 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் சொல்லாவிட்டால், சரக்கு வந்து சேர்ந்த நாளே ஏற்ற நாள். உங்கள் கடிகாரமும் கேட் என்ட்ரியிலிருந்தே ஓடட்டும். கூடவே, கை படாமல் முதல் தடவையிலேயே பாஸ் ஆன பில்களின் சதவீதம். இந்த இரண்டு எண்ணும் போதும். பன்னிரண்டு கிராஃப் உள்ள டேஷ்போர்டைப் பெரும்பாலும் திறப்பு விழா நாளில்தான் பார்ப்பார்கள்.

பத்தாம் படி: அக்கவுண்ட்ஸ் ஆட்கள்

ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள். யாருடைய வேலை போகும், போகாது என்பதை மறைத்து வைத்தால், ஐந்தாம் படியில் விதி சொல்ல வேண்டிய அந்த சீனியர் பாதியைச் சொல்ல மாட்டார். அவர் இடத்தில் நானும் சொல்ல மாட்டேன். வேலையை எடுக்கப் போவதில்லை என்றால் எழுதிக் கொடுங்கள். குறைக்கத்தான் போகிறீர்கள் என்றால், புதிய ஆள் எடுப்பதை நிறுத்தியும் ரிடையர் ஆகும் இடங்களை நிரப்பாமலும் முடியுமா என்று முதலில் பாருங்கள்.

இன்னொரு சிக்கலை லிசேன் பெய்ன்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் 1983-லேயே சுட்டிக்காட்டினார். சுலபமான வேலையெல்லாம் மெஷினுக்குப் போய்விட்டால் மனிதருக்கு மிஞ்சுவது சிக்கலானது மட்டும். ஆனால் சிக்கலைத் தீர்க்கும் பழக்கம் சுலபமானதைத் தினமும் செய்வதிலிருந்துதானே வருகிறது? ஆகவே பொருந்திய பில்களிலும் ஒரு சின்னப் பகுதியைக் குலுக்கல் முறையில் எடுத்துக் கையால் பாஸ் செய்ய விடுங்கள். புதிதாகச் சேர்பவர்களுக்கு அதுவே பயிற்சி, உங்களுக்கு மெஷின் மீதான தணிக்கை. வருடத்துக்கு ஒரு நாளாவது சிஸ்டத்தை நிறுத்திவிட்டு, அவசரமான பில்களைக் காகிதத்திலேயே பாஸ் செய்து பாருங்கள். சர்வர் விழும் நாளில் எந்தப் படிவம் எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

இந்தப் பாதை இரண்டு காலாண்டு தடுமாறாமல் ஓடிய பிறகு அடுத்ததாக டெபிட் நோட் (வெண்டருக்குத் தர வேண்டியதில் கழிக்கும் சீட்டு), ரிஜெக்ஷன் சரக்கு பக்கம் போகலாம். அங்கே விதிகள் இவ்வளவு தெளிவாக இருக்காது. பர்ச்சேஸும் க்யூசியும் ஒரே மேசைக்கு வர வேண்டியிருக்கும். முப்பது பில் எடுத்த இடத்தில் அறுபது எடுத்துத் தொடங்குங்கள்.